73939133 ஏழால வகுபடுமா? கால்குலேட்டர் சொல்றத நம்பலாமா?

கோத்தகிரி பக்கம் சின்னதா தேயிலைத் தோட்டம் வச்சிருக்குற ஒரு அண்ணா கேட்டிருக்கார்: எட்டாவது படிக்குற பையனோட கணக்கு டீச்சர் 73939133 பகா எண்ணுன்னு சொல்லிருக்காங்க, ஆனா இலை எடைக்கணக்கு போடுற சின்ன கால்குலேட்டர்ல அதை 7-ஆல வகுத்தா 10562733-ன்னு முழுசா வருதே, எது சரி?

டீச்சர் சொன்னதுதான் சரிங்கண்ணா. கால்குலேட்டர் ரிப்பேரும் இல்ல, அதுல எட்டு இலக்கத்துக்குதான் இடம், விடையோட முழு எண்ணே எட்டையும் அடைச்சுக்கிட்டா புள்ளிக்கு அப்புறம் வர்றது எங்க தெரியும்? நம்பலைன்னா 2-ஆல வகுங்க, 36969566-ன்னு காட்டும், 3-ல முடியுற ஒத்தப்படை எண்ணு எப்படிங்க சரிபாதியா பிரியும்! அதனால வந்த விடைய திருப்பிப் பெருக்கிப் பாருங்க, ஆனா அழிச்சிட்டு புதுசா டைப் பண்ணணும், இல்லேன்னா சில கால்குலேட்டர் மறைச்சு வச்ச புள்ளியையும் சேத்துப் பெருக்கிடும். 10562733 × 7 = 73939131. ரெண்டு குறையுது, அவ்ளோதான்.

கால்குலேட்டரே வேணாம்னா ஒரு வழி இருக்கு. பின்னாடிலேருந்து மூணு மூணா பிரிங்க: 73, 939, 133. 133-ல 939-ஐ கழிச்சு 73-ஐ கூட்டினா மைனஸ் 733. 7 × 11 × 13 = 1001 ஆச்சே, அதனால இந்த மூணுல 733 எதால வகுபடலையோ அதால பெரிய எண்ணும் வகுபடாது, ஒரே கழித்தல்ல 7, 11, 13 மூணும் அவுட். மீதியெல்லாம் கையால போட உக்காராதீங்க, வர்க்கமூலம் 8598 சொச்சம், அதுவரைக்கும் ஆயிரத்துக்கு மேல பகா எண் இருக்கு, மழைக்கு கரண்ட் போன ராத்திரில கூட அந்த வேலை வேணாம்.

டீச்சர் இந்த நம்பரை சும்மா எடுக்கல. கொழுந்து கிள்ளுற மாதிரி கடைசி இலக்கத்தை ஒண்ணொண்ணா கிள்ளிக்கிட்டே வாங்க: 7393913, 739391, 73939, 7393, 739, 73, 7. எல்லாமே பகா எண்! இந்த மாதிரி எண்கள் மொத்தமே 83, அதுல பெருசு இதுதான். இதுக்கு மேல ஏன் வளராதுன்னா, கடைசில இரட்டைப்படையோ 5-ஓ சேர்க்க முடியாது, இலக்கங்களோட கூட்டுத்தொகை 38, 1 சேர்த்தா 39, 7 சேர்த்தா 45, ரெண்டும் மூணால போயிடும். 3-உம் 9-உம் அவ்ளோ சுலபமா மாட்டாது, ஆனா அதுவும் பகு எண்தான்.

பையன் ஒண்ணு தப்பா நினைச்சிடக்கூடாது, 739 பகா எண்ணா இருக்குறதால 7393-உம் தானா அப்படி ஆகாது, ஒவ்வொண்ணையும் தனியாதான் சோதிக்கணும். அவனுக்கு 2339 குடுங்க, 47 வரைக்கும் பதினஞ்சு பகா எண்ணால வகுத்தா போதும், இலை ரசீது பின்பக்கமே பத்தும்.