கடலை மிட்டாய் ஏன் பல்லில் ஒட்டுகிறது?
வீட்டில் செய்த கடலை மிட்டாய் நொறுங்காமல் பல்லில் ஒட்டுவதற்குப் பெரும்பாலும் பாகின் பதமே காரணம். 200 கிராம் வேர்க்கடலையைச் சிறு தீயில் வறுத்து, தோல் நீக்கி, இரண்டாக உடைத்துக்கொண்டு, 150 கிராம் வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அடிகனமான பாத்திரத்தில் கிளறியபடி காய்ச்ச வேண்டும். தண்ணீரில் விட்ட சொட்டு உருட்ட வந்ததுமே பலரும் இறக்கிவிடுகிறார்கள். அது அதிரசத்துக்கான பதம். சொட்டு இறுகி, தட்டில் போட்டால் 'டங்' என்று ஒலித்து, வளையாமல் ஒடியும்போதுதான் (ஏறக்குறைய 145 முதல் 150 பாகை செல்சியஸ்) பாகிலுள்ள நீர் அநேகமாக வற்றியிருக்கும். உடனே கடலையைக் கொட்டிக் கலந்து, நெய் தடவிய தட்டில் பரப்பி, சூடு ஆறுமுன் கத்தியால் கோடு போட்டுவிட வேண்டும். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் வெல்லப்பாகில் செய்யப்படுவதே. வெல்லம் காற்றின் ஈரத்தை இழுக்குமாதலால், ஆறியவுடன் இறுக்கமான டப்பாவில் வைக்கவும்.