வளையம் ஏன் விட்டுக்கொடுப்பதில்லை? வேலூர்ப் பக்கத்துக் கேள்விகள்

காட்பாடி, பிளஸ் டூ மாணவி: சார், ஆறு கார்பன் வளையமான பென்சீனில் மூன்று இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. இரட்டைப் பிணைப்பில் புரோமின் சேர்ந்து நிறம் போக வேண்டுமே. பிறகு ஏன் புரோமின் நீரின் நிறம் போகவில்லை?

மூன்று தனித்தனி இரட்டைப் பிணைப்பு அதில் இல்லையம்மா. அவற்றுக்குரிய ஆறு எலக்ட்ரானும் (பை எலக்ட்ரான் என்பார்கள்) வளையம் முழுதும் பரவியிருக்கிறது. ஆறு கார்பன் பிணைப்பும் ஒரே நீளம், 139 பிக்கோமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு இரட்டைப் பிணைப்புள்ள ஆறு கார்பன் வளையமான சைக்ளோஹெக்சீனில் ஹைட்ரஜன் ஏற்றினால் மோலுக்கு 120 கிலோஜூல் வெப்பம் வரும். மூன்றுக்கு 360 வர வேண்டும். பென்சீன் தருவது 208தான். குறைகிற 152 கிலோஜூல் வளையத்தின் சேமிப்பு. புரோமின் சேர்ந்தால் அது கரைந்துவிடும், அதனால் சேர்வதில்லை. இரும்புத்தூள் போட்டால் வினை நடக்கும். ஆனால் ஒரு ஹைட்ரஜன் வெளியே போய் அந்த இடத்தில் புரோமின் உட்காரும், வளையம் முழுதாகவே இருக்கும். இந்தப் பாடத்தில் எந்த வினையைப் பார்த்தாலும் முதலில் கேளுங்கள்: முடிவில் ஆறு எலக்ட்ரானும் வளையத்துக்குத் திரும்புகிறதா?

ஆற்காடு, பி.எஸ்சி. மாணவர்: அப்படியென்றால் எட்டுக் கார்பன் வளையமான சைக்ளோஆக்டாடெட்ராயீன் இன்னும் நிலையாக இருக்க வேண்டாமா?

வேண்டாம். 1931இல் ஜெர்மன் அறிவியலாளர் ஹக்கல் காட்டியபடி வளையத்தில் 2, 6, 10, 14 என்று பை எலக்ட்ரான் இருந்தால்தான் அந்தச் சேமிப்பு கிடைக்கும். இதில் எட்டு. தட்டையாக இருந்தால் நட்டம் என்பதால் தொட்டி போல வளைந்துகொள்கிறது. புரோமினும் எளிதில் சேர்கிறது.

ராணிப்பேட்டை, மாணவி: பிரிடின் காரம், பிர்ரோல் ஏன் அவ்வளவு பலவீனமான காரம்? இரண்டும் நைட்ரஜன் உள்ள வளையம்தானே?

நைட்ரஜனின் தனி இணை, அதாவது பிணைப்பில் சேராத இரண்டு எலக்ட்ரான், எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிரிடினில் அது வளையத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, புரோட்டானுக்குக் கொடுக்கலாம். பிர்ரோலில் அந்த இணையைச் சேர்த்தால்தான் ஆறு ஆகிறது. கொடுத்தால் வளையம் போச்சு.

குடியாத்தம், ஆய்வக உதவியாளர்: ஐயா, அனிலின் சாயச் சோதனையில் சிவப்புக்குப் பதில் பழுப்புப் பிசின் வருகிறது. எங்கே தவறு?

பெரும்பாலும் வெப்பம்தான். அனிலின் அமிலத்தில் நைட்ரைட்டோடு சேர்ந்து உண்டாகும் பென்சீன் டயசோனியம் வளையத்தின் துணையால்தான் 0 முதல் 5 டிகிரியில் நிற்கிறது. அந்த வளையமில்லாத அல்கைல் டயசோனியம் அதுகூட நிற்காது. சூடேறினால் நைட்ரஜன் குமிழ் விட்டு ஃபீனாலாகும். அந்த ஃபீனால் மிச்ச டயசோனியத்தோடு இணைந்து பிசினாகும். மாசிக் கடைசியிலேயே காயத் தொடங்கும் ஊரில் மேல்தொட்டித் தண்ணீரில் இதைச் செய்யக் கூடாது.

ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு கலந்து தொட்டி வையுங்கள். அனிலின் 0.5 மில்லி, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1.5 மில்லி, தண்ணீர் 4 மில்லி. சோடியம் நைட்ரைட் 0.4 கிராமை 2 மில்லி தண்ணீரில் கரைத்துக் குளிரவைத்து, வெப்பமானியைப் பார்த்தபடி சொட்டுச் சொட்டாக விடுங்கள். 5 டிகிரியைத் தாண்டினால் நிறுத்துங்கள். ஸ்டார்ச் அயோடைடு தாள் நீலமானால் நைட்ரைட் போதும். 2-நாஃப்தால் 0.8 கிராமை 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு 10 மில்லியில் கரைத்து, அதையும் குளிரவைத்த பிறகே டயசோ கரைசலை அதில் ஊற்றுங்கள். ஆரஞ்சுச் சிவப்பு உடனே வரும்.

அமிலத்தைக் குறைத்தால் மிச்ச அனிலினே டயசோனியத்தோடு சேர்ந்து மஞ்சளாக வீழ்படியும். டயசோனியம் உப்பை வடிகட்டி உலர்த்தவே கூடாது, வெடிக்கும். அனிலின் தோல் வழியே உடலில் ஏறும், கையுறை கட்டாயம்.

ஆம்பூர், தோல் பதனிடும் தொழிலில் இருப்பவர்: ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெயிலில் சிவக்கிறது. வளையம் நிலையானது என்கிறீர்களே?

நல்ல கேள்வி அண்ணே. வளையம் நிலையானதுதான், ஆனால் தோலைப் பதனிடும் பொருளான பட்டையின் டானினில் ஒவ்வொரு வளையத்திலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஒட்டியிருக்கின்றன. அவை எலக்ட்ரானை வளையத்துக்குள் தள்ளுகின்றன. காற்றும் ஒளியும் அதைப் பறிப்பது எளிதாகிறது. ஆக்சிஜனேற்றமடைந்து குயினோனாகும்போது சிவப்பு ஏறுகிறது. ஃபீனால் இரும்பில்லாமலே புரோமின் நீரோடு வெள்ளை வீழ்படிவு தருவதும் இதே காரணத்தால்தான். கடைசியில் கடுக்காய்க் குளியல் கொடுத்தால் சிவப்பு குறையும், கடுக்காய் டானின் வேறு வகை. கருநீலப் புள்ளி விழுந்தால் அது வெயில் வேலை அல்ல, இரும்பு பட்டிருக்கிறது. நீர்த்த ஆக்சாலிக் அமிலத்தால் துடைத்து, நன்றாகக் கழுவிவிடுங்கள். துருப்பிடித்த வாளியையும் ஆணியையும் குழிப்பக்கம் வைக்காதீர்கள்.