மினக்கேடு

அன்பின் ஐயா,

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் முதலாம் வருட மாணவி நான். உயர்தரம் படித்த காலத்தில் விடியற்காலை ஐந்தரைக்கு ரியூட்டரி, பிறகு பாடசாலை, பின்னேரம் மறுபடி ரியூட்டரி என்று இரவு ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புவேன். இங்கே செவ்வாய்க்கிழமைகளில் பத்து மணிக்கு விரிவுரை முடிந்தால் இரண்டு மணிச் செய்முறை வகுப்புவரை ஒன்றுமில்லை. அந்த நேரம் கைத்தொலைபேசியில் போகிறது; பிறகு குற்ற உணர்வு வருகிறது. கணக்கியல் சான்றிதழ்ப் பரீட்சை ஒன்றுக்குப் படிக்கச் சொல்கிறார் அம்மா. ரியூட்டரியில் படிப்பிக்க வரச் சொல்கிறார்கள் தோழிகள். இடைவேளைகளில் மூத்த மாணவர்கள் வேறு கூப்பிடுகிறார்கள். பாடசாலையைவிட இங்கே ஓய்வு நேரம் அதிகம் என்பது உண்மைதானா? அதை எப்படி நிரப்புவது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்பின் பிள்ளைக்கு,

உமது கடிதம் வந்த அன்று நான் அக்கா வீட்டில் இருந்தேன். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதவிருக்கும் மருமகனின் மேசைக்கு மேலே ஒரு நேர அட்டவணை ஒட்டப்பட்டிருந்தது. அதன் சனிக்கிழமைச் சதுரம் ஒன்றில் ‘ஓய்வு 5.10 – 5.40’ என்று சிவப்பு மையால் எழுதியிருந்தார்கள். அந்த அரை மணித்தியாலத்தில் என்ன செய்வாய் என்று கேட்டேன். அடுத்த வகுப்புக்குச் சைக்கிளில் போகிற நேரம் அதுதான் என்றான்.

அந்தச் சதுரத்தை நினைத்துக்கொண்டு இருந்தவனுக்கு, ‘நிரப்புவது’ என்ற உமது கடைசிச் சொல் கோபத்தை மூட்டியது. கிடங்கைத்தான் மனிதர் நிரப்புவார்கள். இத்தனை வருடங்களுக்குப் பிறகு நான்கு மணித்தியாலம் கையில் கிடைத்திருக்கிறது. நீரோ அதை மூடுவதற்கு மண் தேடுகிறீர்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். மூத்த மாணவர்கள் கதைக்கக் கூப்பிட்டால் விரும்பினால் போம். வேறெதற்கும் கூப்பிட்டால் போகவேண்டியதில்லை. பகிடிவதைக்கு எதிராக 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதற்கு முன்னால் பீடாதிபதி இருக்கிறார். கைத்தொலைபேசியைப் பற்றி உமக்கு ஏசுவதற்கு வீட்டில் ஆட்கள் உண்டு. கணக்கியல் அம்மாவின் பயம்; அதை அம்மாவுடன் பேசித் தீர்த்துக்கொள்ளும். ரியூட்டரியில் படிப்பிப்பது காசுத் தேவைக்கு என்றால் நான் வாய் திறக்க மாட்டேன், உமது வீட்டு நிலைமை எனக்குத் தெரியாது. நேரம் போகவில்லை என்பதற்காக என்றால் தயவுசெய்து போகாதேயும். உம்மை அடைத்து வைத்த அதே சதுரத்துக்குள் இன்னொரு பிள்ளையை அடைக்க உமக்கு என்ன அவசரம்?

இனிக் கணக்குக்கு வருவோம். விஞ்ஞான பீடத்துப் பிள்ளை இதை முதலிலேயே செய்து பார்த்திருக்க வேண்டும். நான் படித்த பாடசாலையில் 40 நிமிடப் பாடவேளைகள் எட்டு, மொத்தம் 320 நிமிடம். அத்தனை நிமிடமும் ஓர் ஆசிரியரின் கண்ணெதிரே கழிந்தன. இலங்கைத் தகைமைச் சட்டகமோ பல்கலைக்கழகத்தின் ஒரு வருடப் படிப்பை 1500 கற்றல் மணித்தியாலமாக, 30 கிரெடிற்றாக வகுத்திருக்கிறது. ஒரு கிரெடிற்றுக்கு 50 மணித்தியாலம். அதில் விரிவுரையாளர் உமக்கு முன்னால் நின்று பேசுவது ஏறக்குறைய 15 மணித்தியாலந்தான். செய்முறை என்றால் கொஞ்சம் கூடும். எஞ்சிய 35 எங்கே? செவ்வாய்க்கிழமை பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை நீர் கைத்தொலைபேசியில் தள்ளிக்கொண்டிருப்பது அதன் ஒரு துண்டைத்தான். ஆகவே இங்கே ஓய்வு அதிகம் என்பதை நான் அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆள் வைத்துக் காக்காத நேரம் அதிகம் என்று வேண்டுமானால் சொல்லும்.

நீர் நடக்கிற அந்த வளவே ஒரு காலத்தில் பாடசாலையாக இருந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் இடத்தில்தான் 1974இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. ஒவ்வொரு பாடவேளைக்கும் மணி அடித்த வளவில் மணி நின்றுபோயிற்று. மணி நின்றபின் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தவர்களில் நானும் ஒருவன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், போத்தல் விளக்கு வெளிச்சத்தில் நான்கு பாடங்களை மனனம் செய்து உயர்தரம் எழுதினேன். நான் படித்த ரியூட்டரி ஒரு நீண்ட கொட்டில். வாங்கில் இருப்பவர்கள் பராக்குப் பார்ப்பார்கள் என்று தெருப்பக்கத்தைக் கிடுகால் மறைத்திருந்தார்கள். இருந்தும் கிடுகின் ஓட்டை வழியே பார்த்ததற்காக அந்த ஆசிரியரிடம் நான் வாங்கிய குட்டு இன்னும் வலிக்கிறது. வளாக அனுமதிக்குக் காத்திருந்த காலத்தில், போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 வந்தது. தென்மராட்சியில் ஒரு மாட்டுக் கொட்டிலின் தாழ்வாரத்தில் மாதக் கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருந்தோம். அதை ஓய்வு என்று யாரும் சொல்லவில்லை.

பிறகு வளாகம் கிடைத்தது. முதல் கிழமையில் ஒருநாள் விரிவுரை பத்து மணிக்கே முடிந்துவிட, வீட்டுக்குப் போனேன். “ஏன் மோனை, இண்டைக்குப் பாடம் இல்லையே?” என்று அம்மா கேட்ட கேள்வியில் களவு பிடித்த தொனி இருந்தது. அதன்பின் வெட்கத்தில், பின்னேரம் ஊரடங்குக்கு முன் வீடு சேர்ந்தால் போதும் என்று, பரமேஸ்வரன் கோயில் மதிலோரத்தில் நிழல் பார்த்து இருந்து பழைய ரியூட்டரிக் குறிப்புகளையே திரும்பத் திரும்ப வாசித்தேன். நான் ஏற்கெனவே சித்தியடைந்த பரீட்சைக்கு!

எங்கள் பேச்சில் ஒரு சொல் இருக்கிறது, மினக்கெடுவது. வினைக்கேடு என்பதுதான் இப்படித் திரிந்தது. செய்ய வேண்டிய வினை கெட்டுப்போவது. கடைக்குப் போகிற பிள்ளையிடம் “மினக்கெடாமல் வா” என்கிறோம். அதே வாயால், நல்ல பலகாரத்தைத் தின்றுவிட்டு “மினக்கெட்டுச் செய்திருக்கிறாள்” என்றும் சொல்கிறோம். நேரத்தை வீணாக்குவதற்கும் ஒன்றின்மேல் நேரத்தைச் சொரிவதற்கும் ஒரே சொல். எது எது என்பது முடிந்த பின்தான் தெரியவரும், சிலவேளை வருடங்கள் கழித்து. அட்டவணை கீறுகிற அக்காவுக்கு இதை விளங்கப்படுத்த நான் எடுத்த முயற்சியெல்லாம் முதல் வகை மினக்கேடாகவே முடிந்தது.

எனக்கு இரண்டாவது வகை ஒரு குப்பைமேனியில் தொடங்கியது. ஆய்வுகூட உதவியாளர் ஒருவர், மதிலோரத்தில் இருந்த என்னைக் கூப்பிட்டு, காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டுவதற்கு உதவி கேட்டார். அவற்றுள் ஒன்று எங்கள் கிணற்றடியில் முளைத்துக் கிடப்பது. பூனை அதன் வேரைத் தோண்டி உருளுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேனே தவிர, செடியைக் குனிந்து பார்த்ததில்லை. தாவரவியலில் நல்ல பெறுபேறு வாங்கியவன் நான். வெளியே போய்ப் பச்சைச் செடி ஒன்றைப் பிடுங்கி வந்து கைவில்லையால் பார்த்தேன். பெண்பூக்களைச் சுற்றிப் பல்விளிம்புள்ள கிண்ணம்போல ஒரு பூவடிச் செதில். அவற்றுக்கு மேலே, அதே கதிரில், கண்ணுக்கு அகப்படாத அளவில் ஆண்பூக்கள். ஒன்றைப் பார்த்து முடித்ததும் இன்னொன்று, பிறகு இன்னொன்று. யாரும் எனக்குப் புள்ளி போடவில்லை. தலை நிமிர்ந்தபோது மணி இரண்டரை. செய்முறை வகுப்புக்குப் பிந்திப் போய் எல்லார் முன்னிலையிலும் ஏச்சு வாங்கினேன்.

செவ்வாய்க்கிழமை என்ன செய்யலாம் என்று நீர் மறுபடி கேட்டு எழுதினால் பதில் போட மாட்டேன். இரண்டு மணிச் செய்முறைக்கு மட்டும் பிந்தாதேயும். 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

அன்புடன்.