வகுப்புக்குப் போகாமல் வசனக் கணக்கும் கிரகித்தலும் பழகுவது எப்படி?

கேட்ட தங்கச்சி பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார். உயர்தரம் முடித்துவிட்டு, அரசாங்க வேலைக்கான போட்டிப் பரீட்சை எழுதப் போகிறார். கூட்டல், கழித்தல், சதவீதம் எல்லாம் தனியாகக் கொடுத்தால் வரும், அதையே நாலு வரி வசனமாகக் கொடுத்தால் குழம்பிவிடுகிறது என்கிறார். வாசித்து விளங்கி விடை சொல்லும் கிரகித்தல் பந்தியில் எப்போதும் இரண்டு விடைகள் சரியாகத் தோன்றுகின்றனவாம். டவுனுக்கு வகுப்புக்குப் போய் வர வசதியில்லை, என்ன செய்யலாம் என்பது கேள்வி.

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை. முதல் தடவை எழுதியபோது, யோசிக்கும் திறனைச் சோதிக்கும் உளச்சார்பு வினாத்தாளில்தான் விழுந்தேன். இரண்டாம் தடவை தேறி, இப்போது ஒரு பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறேன். இடைப்பட்ட காலத்தில் ஒரு நாளும் வகுப்புக்குப் போகவில்லை. எனக்கு வசனக் கணக்குச் சொல்லித் தந்தவர் அம்மா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

பழைய வினாத்தாள் ஒன்றில் நெல் மூட்டைக் கணக்கு ஒன்று. மூன்று தடவை நிறுக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் சாக்கின் எடை ஒரு கிலோ கழிக்க வேண்டும். நான் போட்ட விடை பிழை, ஏன் பிழை என்று பிடிபடவில்லை. அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா என்னவென்று கேட்டார். நெல்லைக் கொழுந்தாக மாற்றிச் சொன்னேன். காலையில் 8 கிலோ, மத்தியானம் 7, அந்திக்கு 9, ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு கிலோ கழிவு. நான் 24இலிருந்து ஒன்றைக் கழித்து 23 என்று வைத்திருந்தேன். அம்மா மாவுக் கையோடே திரும்பிப் பார்த்து, "ஏன்டா ஒரு கிலோ மட்டும் கழிக்கிற? மூணு தடவையும்தானே கழிக்கிறான். இருபத்தொண்ணு" என்றார்.

கூட்டலும் கழித்தலும் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் "ஒவ்வொரு தடவையும்" என்ற சொல்லை நான் கண்ணால் தாண்டிப் போனேன், அம்மா தாண்டவில்லை. தராசு முன்னால் நின்று அந்தக் கிலோவைத் தினமும் இழக்கிறவர் எப்படித் தாண்டுவார்? அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. வசனக் கணக்கில் நாம் விழுவது கணக்கில் இல்லை, வாசிப்பில். கிரகித்தலுக்கும் வசனக் கணக்குக்கும் வேண்டியது ஒரே பழக்கம்தான். ஒவ்வொரு சொல்லையும் நம் சம்பளத்துண்டை வாசிப்பது போல வாசிக்க வேண்டும்.

அதனால் நான் செய்த முதல் வேலை, எந்தக் கணக்கையும் நம் வீட்டுக் கணக்காக மாற்றி வாயால் சொல்வது. தொட்டி, குழாய், மூட்டை, வியாபாரி எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். மாற்றிச் சொல்ல முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் விளங்கவில்லை என்று அர்த்தம். விளங்காமல் பென்சிலைத் தொடக் கூடாது.

ஆள்வேலைக் கணக்கைப் பாருங்கள். "12 பேர் ஒரு வேலையை 5 நாளில் முடிப்பர். 2 நாட்களின் பின் 3 பேர் விலகினால், எஞ்சிய வேலை முடிய இன்னும் எத்தனை நாள் செல்லும்?" பாடப்புத்தகம் இதற்கு மனித நாள் என்று ஒன்றைச் சொல்லித் தரும். தோட்டத்தில் நமக்கு அது பிறந்ததிலிருந்தே தெரியும். நாம் அதைப் "பேர்" என்போம். ஒரு நாள் முழு வேலைக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். அந்த மலைக்கு எத்தனை பேர் போகும் என்று கங்காணி கேட்பாரே, அதேதான் இது. 12 ஆள், 5 நாள், மொத்தம் 60 பேர். இரண்டு நாளில் 24 பேர் போய்விட்டது, மிச்சம் 36. இப்போது நிற்பது 9 ஆள். 36ஐ 9ஆல் பிரித்தால் 4 நாள். விடைகளில் 6ம் கட்டாயம் இருக்கும், ஏனென்றால் மொத்த நாள் 6. கேட்டது "இன்னும்". இந்த மாதிரிக் கேள்வியில் நான் மூன்று தடவை 6ஐக் கீறியிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் கடைசி வசனத்தை முதலில் வாசித்து, அதன் கீழ் கோடு போட்டுவிட்டு மேலே போகும் பழக்கம் வந்தது.

ஒரு சின்னக் கொப்பியில் சொற்களைச் சேர்த்து வையுங்கள். மீதியில், எஞ்சிய, முறையே, தவிர, மாத்திரம், ஆகக் குறைந்தது, மடங்கு, இன்னும், ஒவ்வொரு. எதையெல்லாம் தாண்டிப் போய் விடை பிழைத்ததோ அதை மட்டும் எழுதுங்கள். ஒரு மாதத்தில் எனக்கு இரண்டு பக்கம்கூட வரவில்லை. அவ்வளவுதான் நம் பிழைகள், திரும்பத் திரும்ப அதே சொற்கள்.

"மீதியில்" என்பதற்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னக் கணக்கில் ஆளைக் கவிழ்ப்பது அதுதான். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கடைக் கடனுக்கு, மீதியில் காற்பங்கு சீட்டுக்கு, கையில் இருப்பது 15,000 ரூபா, சம்பளம் எவ்வளவு? சமன்பாடு எழுதுகிறவர்கள் எழுதட்டும். நான் ஒரு நீளப் பெட்டி கீறி 12 கட்டமாகப் பிரிப்பேன். 12 ஏன் என்றால் மூன்றாலும் நாலாலும் பிரிபடும். கடைக்கு 4 கட்டம் போய்விட்டது. மீதி 8. அதில் காற்பங்கு 2 கட்டம் சீட்டுக்கு. கையில் 6 கட்டம். 6 கட்டம் 15,000 என்றால் ஒரு கட்டம் 2,500, சம்பளம் 30,000. சீட்டுக்கு மொத்தத்தில் காற்பங்கு, அதாவது 3 கட்டம், எடுத்தால் கையில் 5 கட்டம்தான் மிஞ்சும், சம்பளம் 36,000 என்று வரும். அந்த 36,000மும் விடைகளில் உங்களைப் பார்த்துக்கொண்டு இருக்கும்.

ரயில் கணக்குக்குப் பயப்படாதவர் குறைவு. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறதே, அரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. சின்ன வயதில் அதற்குள் ரயில் போகும்போது எல்லோரும் கத்துவோம். கடைசிப் பெட்டியில் இருந்தால் எஞ்சின் வெளிச்சத்துக்குப் போன பிறகும் நாங்கள் இருட்டில் கத்திக்கொண்டிருப்போம். அதை நினைவில் வைத்தால் போதும். ரயில் சுரங்கத்தைக் கடந்தது என்றால் கடைசிப் பெட்டியும் வெளியே வந்துவிட்டது என்று பொருள். ஆகவே சுரங்கத்தின் நீளத்தோடு ரயிலின் நீளத்தையும் கூட்ட வேண்டும். கணக்குக்காகச் சுரங்கம் 560 மீட்டர், ரயில் 140 மீட்டர், வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர் என்று வையுங்கள். மணிக்குக் கிலோமீட்டர் என்பதைச் செக்கனுக்கு மீட்டராக்க எப்போதும் 5ஆல் பெருக்கி 18ஆல் பிரிக்க வேண்டும், அப்படிச் செய்தால் செக்கனுக்கு 5 மீட்டர். 700ஐ 5ஆல் பிரிக்க 140 செக்கன், அதாவது 2 நிமிடம் 20 செக்கன். எல்ல ஊருக்கும் தெமோதரைக்கும் நடுவில் உள்ள ஒன்பது வளைவுப் பாலம் 91 மீட்டர் நீளம், அதை வைத்தும் நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம்.

சதவீதத்துக்குப் பயிற்சிப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை, வீட்டுச் சம்பளத்துண்டு போதும். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் 25 நாள் வேலை என்றால் 33,750 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு தொழிலாளியிடம் 8 சதவீதம் பிடிப்பார்கள், 2,700. நிர்வாகம் தன் பங்காக 12 சதவீதம் போட வேண்டும், அது 4,050, சம்பளத்தில் கழிபடாது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 சதவீதமும் அப்படித்தான். இப்போது தலைகீழாகக் கேளுங்கள்: நிதிக்குப் பிடித்தது 2,700 என்றால் சம்பளம் என்ன? நிதிக் கணக்கில் அந்த மாதம் மொத்தம் எவ்வளவு சேரும்? ஒரே துண்டில் ஐந்தாறு கேள்வி வரும். ஒரு மாதம் நான் இப்படிப் பார்த்தபோது, அம்மா நாட்காட்டியில் கோடு போட்டு வைத்ததில் 22 பேர், துண்டில் 21. கேட்டோம், அடுத்த மாதம் திருத்திப் போட்டார்கள். அந்தச் சந்தோஷம் எந்த வினாத்தாளிலும் கிடைக்கவில்லை.

சரி, கிரகித்தலுக்கு வருவோம். இரண்டு விடை சரியாகத் தோன்றுவது ஏன் என்று கேட்டீர்கள். பெரும்பாலும் அதில் ஒன்று உலகத்தில் உண்மை, ஆனால் பந்தியில் இல்லை. நமக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்தில் இது மிக மோசமாக நடக்கும். இந்தச் சின்னப் பந்தியைப் பாருங்கள்:

"1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டது. அதன் பின்னரே தோட்டங்கள் பரவலாகத் தேயிலைக்கு மாறின."

பந்தியோடு பொருந்துவது எது? ஒன்று, கோப்பி அழிந்த பிறகே இலங்கையில் முதன்முதலாகத் தேயிலை பயிரிட்டனர். இரண்டு, கோப்பியில் நோய் காணுமுன்பே தேயிலை பயிரிடப்பட்டிருந்தது. மூன்று, தேயிலைத் தோட்டங்களில் தென்னிந்தியத் தொழிலாளர்கள் வேலை செய்தனர். நான்கு, இலைத்துரு நோய் எல்லாக் கோப்பித் தோட்டங்களையும் ஒரே ஆண்டில் அழித்தது.

முதலாவதைத்தான் நானும் கீறியிருப்பேன். கோப்பி போய்த் தேயிலை வந்தது என்று சின்ன வகுப்பிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால் பந்தி சொல்வது வேறு. 1867 முந்தி, 1869 பிந்தி. நோய்க்குப் பிறகு நடந்தது "பரவலாக" மாறியது மட்டும். அந்த ஒரு சொல்லைத் தாண்டினால் விடை போச்சு. மூன்றாவது நம் பூட்டன்மாரின் கதை, முழு உண்மை, ஆனால் இந்தப் பந்தியில் ஒரு எழுத்தும் அதைப் பற்றி இல்லை. நாலாவதில் "எல்லா" என்றும் "ஒரே ஆண்டில்" என்றும் இருக்கிறது, பந்தி அவ்வளவு தூரம் போகவில்லை. விடை இரண்டு. விடையைக் கீறுமுன், பந்தியில் எந்த வரி இதைச் சொல்கிறது என்று விரலை வைத்துக் காட்ட முடிய வேண்டும். முடியவில்லை என்றால் அது உங்கள் மனதிலிருந்து வந்த விடை.

இதற்குப் பயிற்சி என்றால் பத்திரிகைதான். வீரகேசரியோ தினகரனோ, பழைய தாளானாலும் பரவாயில்லை. நான் சலூனில் கிடந்த தாள்களைக் கேட்டு எடுத்து வருவேன். ஆசிரியர் தலையங்கத்தில் ஒரு பந்தியை வெட்டி, தாளை மூடிவிட்டு, அது என்ன சொல்கிறது என்று ஒரே வசனத்தில் கொப்பியில் எழுதுங்கள். அப்புறம் அதே பந்திக்கு நீங்களே ஒரு கேள்வியும் நாலு விடையும் தயாரியுங்கள். பிழையான மூன்று விடைகளை நம்பும்படி எழுதுவதுதான் கஷ்டம், ஆனால் பயன் முழுக்க அதில்தான் இருக்கிறது. நானும் பக்கத்து லயத்து நண்பன் ஒருவனும் ஞாயிற்றுக்கிழமைகளில் கொப்பியை மாற்றிக்கொள்வோம். அவனை ஏமாற்ற நான் எழுதிய பொறிகள் எல்லாம் பரீட்சையில் எனக்குத் தெரிந்த முகங்களாக வந்து நின்றன.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் ஒரு மாதம் கடிகாரம் வேண்டாம், தினமும் ஐந்து கணக்கு, ஒரு பந்தி. அதன் பிறகு கடந்தகால வினாத்தாளை நேரம் வைத்துச் செய்யுங்கள். கேள்வி எத்தனை, நேரம் எவ்வளவு என்பதை உங்கள் பரீட்சைக்கான வர்த்தமானி அறிவித்தலில் பார்த்து, அதன்படி பிரியுங்கள். அடிப்படை ஆடுகிறது என்று தோன்றினால் வெட்கப்படாமல் தரம் 7, 8 கணிதப் பாடப்புத்தகத்தைத் திறவுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமும் இருக்கும். பின்னம், விகிதம், சதவீதம் மூன்றையும் அதிலிருந்துதான் நான் திருத்திக்கொண்டேன்.

கடைசியாக ஒரு கணக்கு தருகிறேன். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்று வையுங்கள். ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, 1,800 கிலோ ஈரக் கொழுந்து வருகிறது. அதில் பத்தில் ஒரு பங்கை நீர்க் கழிவாகக் கழித்த பின் மீதியை அரைக்கிறார்கள். எத்தனை கிலோ தூள் கிடைக்கும்? முதலில் அம்மாவிடம் வாயால் சொல்லிக் காட்டுங்கள், பிறகு விடையை இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன். 400 என்று வந்தால் திரும்ப வாசியுங்கள், ஒரு சொல்லைத் தாண்டிவிட்டீர்கள்.