துருப்பிடித்த பிக்கப்: நானே பார்ப்பதா, பட்டறைக்கு விடுவதா?

கேள்வி: என்னுடைய பிக்கப் வண்டிக்கு 20 வயது. கதவுக்குக் கீழே பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. பின்சக்கர வளைவில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. பட்டறையில் கேட்ட தொகை வண்டி விலையில் பாதி. கிரைண்டர் வைத்திருக்கிறேன், வெல்டிங் தெரியாது. நானே செய்துகொள்ளலாமா?

பதில்: தொகை கிடக்கட்டும். முதலில் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் பாருங்கள். ஜாக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். சேஸிஸை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, தட்டிக்கொண்டே வாருங்கள். 'டங்'கென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. 'பொத்'தென்று கேட்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள். ஏடு ஏடாக உதிர்ந்தாலோ, முனை உள்ளே போனாலோ அது உங்கள் வேலை இல்லை. ஸ்பிரிங் மாட்டுகிற இடம், கேபின் தாங்கி, சீட் பெல்ட் முடுக்கிய இடம், பிரேக் குழாய் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். சேஸிஸ் பல இடங்களில் அரித்துப் போயிருந்தால், பட்டறைக்கும் விடாமல் வண்டியையே மாற்றுவது பற்றி யோசியுங்கள்.

சேஸிஸ் தேறிவிட்டது என்றால், மிச்சம் வெறும் தகடு. அந்தக் கொப்புளத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அதுதான் பெயின்டைத் தூக்குகிறது. கதவுக்குக் கீழே இருக்கும் அந்தப் பெட்டிப் பகுதி பெரும்பாலும் உள்ளிருந்துதான் அரிக்கும். நாணயம் அளவு கொப்புளத்தைச் சுரண்டினால் உள்ளங்கை அளவு ஓட்டை வரலாம். பட்டறைக்காரர் தொகையைக் கூட்டிச் சொன்னதற்கு இதுவும் காரணமாக இருக்கும். பிரிக்காமல் யாருக்கும் உள்ளே இருப்பது தெரியாது.

சுரண்டியதும் தகடு முழுசாக இருந்தால் நீங்களே பாருங்கள். பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து, குழிக்குள் தங்கிய துருவுக்குக் கன்வெர்ட்டர் (துருவைக் கெட்டியான படலமாக மாற்றும் திரவம்) தடவி, காய்ந்ததும் எப்பாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு, அப்புறம் பெயின்ட். எல்லா கன்வெர்ட்டரும் எல்லா பிரைமரோடும் ஒத்துப்போகாது, டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள். கண்ணாடியும் மாஸ்க்கும் போடாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள்.

சக்கர வளைவு ஓட்டைக்கு மட்டும் பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) வைத்து அடைக்க வேண்டாம். நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன்; பெயின்ட் கடைக்காரரே வாங்கிக்கொள்ளும் அளவுக்கு அழகாக வந்தது. ஒரே மழைக்காலம், பட்டி விளிம்போடு உரிந்து வந்தது. பட்டி ஈரத்தை உறிஞ்சும், பின்னால் இருக்கும் துருவும் நிற்காது.

நான் சொல்வது பாதி-பாதி: பாதி வேலை உங்களுக்கு, பாதி பட்டறைக்கு. பட்டறைக் கூலியில் பெரும்பங்கு மணிக்கணக்கு வேலைதான். விளக்கு, மட்கார்டு லைனர் (சக்கர வளைவின் உட்புற உறை), பம்பர் எல்லாவற்றையும் நீங்களே கழற்றி, சுற்றிலும் பெயின்ட் சுரண்டிக் கொடுத்துவிட்டு, வெட்டித் தகடு வைத்து வெல்டிங் செய்வதற்கு மட்டும் விலை கேளுங்கள். சிலர் இப்படி எடுக்க மாட்டார்கள், ஒப்புக்கொள்பவர் கிடைத்தால் லாபம். பிரைமர், பெயின்ட், வெல்டிங் செய்த இடத்துக்கு உட்புறம் துரு தடுக்கும் மெழுகு அடிப்பது எல்லாம் மறுபடி உங்கள் கையில்.

முழு வேலையையும் பட்டறைக்கே விடுவதானால், பெயின்ட் அடிக்கும் முன் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வண்டி எடுக்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும். கனமாகப் பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாமல் நழுவும்.