பாரம் ஏன் கழுத்தில் விழுகிறது?

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயது, இரண்டு குழந்தைகள். போன வருடம்தான் ஓசூரில் நீச்சல் கற்றுக்கொண்டேன். அடுத்த மாதம் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். அங்கே பிகினி டாப்பும் ஷார்ட்ஸும் போட ஆசை. ஆன்லைனில் ஒரு முக்கோண டாப் வாங்கினேன். பின்கழுத்தில் முடிச்சுப் போடுவது. அரை மணி நேரத்தில் கழுத்து வலிக்கிறது, மார்பும் தொங்கியே தெரிகிறது. ப்ரா 38பி போடுகிறேன். அதுவும் முதுகில் மேலே ஏறிக்கொள்ளும். மார்புச் சுற்றளவு 38 அங்குலம், மார்புக்குக் கீழே 34. எந்த மாதிரி வாங்கலாம்? இங்கேயே தைத்துக்கொள்ள முடியுமா?
- பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி

பதில்: அளவையும் சேர்த்து எழுதினீர்களே, அதிலேயே பாதி பதில் இருக்கிறது. தர்மபுரியில் 20 வருடமாக ரவிக்கை தைக்கிறேன். ரவிக்கைக்கு மார்புச் சுற்றளவுதான் சைஸ். அதே பழக்கத்தில் ப்ராவுக்கும் 38 என்று வாங்கிவிடுகிறோம். ஆனால் ப்ராவில் அந்த எண் மார்புக்குக் கீழே வரும் பட்டியின் அளவு. உங்களுக்கு அது 34. மேலே 38, கீழே 34, வித்தியாசம் நான்கு அங்குலம். ஓர் அங்குலம் என்றால் ஏ, இரண்டு பி, மூன்று சி, நான்கு டி. ஆக உங்கள் சைஸ் 34டி. ‘டி’ என்றதும் பயப்பட வேண்டாம். 38பி கப்பும் 34டி கப்பும் கொள்ளளவில் ஒன்றுதான். கப் உங்களுக்குச் சரியாகவே இருந்திருக்கும். பட்டி மட்டும் நான்கு அங்குலம் தளர்வு, அதனால்தான் முதுகில் ஏறுகிறது. கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு கொஞ்சம் மாறும், அவர்கள் தரும் அளவு அட்டவணையையும் பார்த்துவிடுங்கள்.

மார்பின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்க வேண்டியது அந்த அடிப்பட்டிதான். முக்கோண டாப்பில் அது ஒரு நாடா அளவுக்கே இருக்கும். அது தாங்காத பாரம் முழுவதும் கழுத்து முடிச்சில் தொங்குகிறது. உங்கள் கழுத்து வலிக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

எஸ், எம், எல் என்று விற்பதை விட்டுவிட்டு, 34டி என்று ப்ரா அளவிலேயே விற்கும் டாப்பைத் தேடுங்கள். அடிப்பட்டி இரண்டு விரல் அகலமாவது இருக்கட்டும். முதுகில் கொக்கி, தோள் மேல் நேராகப் போகும் அகலமான ஸ்ட்ராப், கப்புக்கு அடியில் கம்பி. கம்பி உறுத்தும் என்றால் கெட்டியான இரட்டை லைனிங் வைத்ததை எடுங்கள். அழகாகத் தெரிய வேண்டும் என்றால் கப்பில் தையல் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். கட்டோரி ரவிக்கையும் பிரின்சஸ் கட் ரவிக்கையும் போட்டவர்களுக்கு இது தெரியும்: துணியை வெட்டிச் சேர்த்த கப் மார்பைத் தூக்கி உருண்டையாக நிறுத்தும், ஒரே துண்டுத் துணி அப்படியே அமுக்கும். அக்குள் பக்கம் துணி கொஞ்சம் உயரமாக இருந்தால் மார்பு பக்கவாட்டில் ஒதுங்காமல் முன்னால் வரும். கழுத்து ‘வி’ வடிவில் இருப்பது உங்களுக்கு எடுப்பாக இருக்கும். நிறம் உங்கள் இஷ்டம். கறுப்புதான் போட வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வீட்டில் போட்டுப் பார்க்கும்போது கடைசிக் கொக்கியிலேயே பட்டி இறுக்கமாக நிற்க வேண்டும். இரண்டு விரல் நுழைந்தால் போதும். நனைந்தால் துணி தளரும், நாளாக நாளாக எலாஸ்டிக்கும் இளகும், அப்போது உள்கொக்கிக்கு மாறிக்கொள்ளலாம். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், குனியுங்கள், நான்கு தடவை குதியுங்கள். பட்டி இடம் நகர்ந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஒகேனக்கல்லில் பருத்திச் சுடிதாரோடு குளித்தவர்களுக்குத் தெரியும், நனைந்த பருத்தி எவ்வளவு கனக்கும் என்று. கரையேறும்போது உடம்போடு சேர்த்துக் கீழே இழுக்கும். அதனால் நைலானில் லைக்ரா கலந்த துணிதான் நீச்சலுக்குச் சரி. உள்ளே கழற்றி மாட்டும் ஸ்பாஞ்ச் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு சொட்டும்.

இங்கே தைக்கலாமா என்றால், வேண்டாம். லைக்ராவுக்குத் தனி ஊசி, ஜிக்ஜாக் தையல் வேண்டும். எங்களுடைய சாதாரண நேர்த்தையல் துணி இழுபட்டதும் பட்டென்று அறுந்துவிடும். என்னிடமே கேட்டாலும் முழு டாப் தைத்துத் தர மாட்டேன். ஸ்ட்ராப் நீளமாக இருந்தால் குறைக்கலாம், அதை எந்தத் தையல் கடையிலும் செய்வார்கள்.

இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்கக்கூடும் என்ற தயக்கம் உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. அது எனக்கு ரொம்பப் பிடித்தது. 35 வயதில் நீச்சல் கற்றுக்கொண்டவருக்குக் கடலில் கழுத்து வலிக்கக் கூடாது.

கேள்வி: ‘பிகினி’ என்ற பெயர் எப்படி வந்தது?
- வாசகி, பாலக்கோடு

பதில்: பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த ஒரு பவளத்தீவின் பெயர் அது. 1946 ஜூலை 1 அன்று அமெரிக்கா அங்கே அணுகுண்டு சோதனை நடத்தியது. நான்கு நாள் கழித்து பாரிசில் லூயி ரியார் தன் புதிய ஈருடையை அந்தப் பெயரில் அறிமுகம் செய்தார். தீவுக்காரர்களைச் சோதனைக்கு முன்பே வேறு தீவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கேள்வி: நீச்சல் உடை ஒரே சீசனில் தளர்ந்துவிடுகிறது. துவைப்பது எப்படி?
- வாசகி, தர்மபுரி

பதில்: நீச்சல்குளத்துக் குளோரின்தான் எலாஸ்டிக்கைத் தின்கிறது. கரையேறிய கையோடு நல்ல தண்ணீரில் அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் ஒரு துண்டில் சுருட்டி அழுத்தி எடுத்து, நிழலில் காயப்போடுங்கள். நம் ஊர் மொட்டைமாடி வெயில் வேண்டவே வேண்டாம்.