பகா எண்ணில் இசை எழுதும் பெண்ணுக்கு சிஎஸ்இ எதற்கு?

ப்ளஸ் டூ முடித்த மகள் நோட்டு முழுக்கப் பகா எண்களை அடுக்கி, அந்தக் கணக்கில் வயலினுக்கும் செல்லோவுக்கும் இசை எழுதுகிறாள், "இது சோறு போடுமா சார்?" என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. இசைப் படிப்புக்கு கேம்பஸ் இன்டர்வியூ கிடையாது. காம்போசிஷன், அதாவது இசை எழுதும் படிப்பு, படித்தவர்களில் பலர் பாடம் சொல்லிக்கொடுத்துத்தான் மாதத்தை ஓட்டுகிறார்கள். அது தெரிந்தேதான் சொல்கிறேன்: பெரியப்பா பேசி முடித்திருக்கும் மேனேஜ்மென்ட் கோட்டா சிஎஸ்இ சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

"கணக்கை வைத்து இசை எழுதிய ஸெனாக்கிஸே இன்ஜினியர்தானே" என்கிறாராம் பெரியப்பா. உண்மைதான். ஸெனாக்கிஸ் ஏதென்ஸில் சிவில் படித்தவர், பாரிஸுக்குத் தப்பி வந்து கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயின் அலுவலகத்தில் கட்டடக் கணக்குப் போட்டுப் பிழைத்தார். ஆனால் இசைக்குள் அவர் கொண்டுபோனது நிகழ்தகவை. 1955-56இல் எழுதிய 'பித்தோபிராக்தா' என்ற இசைப் படைப்பில், வாயு மூலக்கூறுகளின் வேகம் எப்படிப் பரவுமோ அந்தக் கணக்கில், தந்தி வாத்தியங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேகத்தில், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் வழுக்கல் கொடுத்தார். நம் கர்நாடக இசையின் ஜாரு மாதிரி, ஆனால் ஒரே நேரத்தில் நாற்பதுக்கும் மேல்! அதையும் கிராஃப் தாளில் கோடு கோடாக வரைந்துவிட்டுத்தான் ஸ்கோராக, அதாவது வாசிப்பவர்களுக்கான இசைத்தாளாக, ஆக்கினார். உங்கள் பெண் இழுக்கப்படுவது இந்தப் பக்கம். கோடிங் பக்கம் இல்லை.

ஆகவே பக்கத்திலுள்ள அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம். கூடவே ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் இசை எழுதும் முறை), பியானோ, மேற்கத்திய இசைத் தியரி கிரேடு தேர்வுகள், ஜெர்மன் மொழியில் பி1 நிலை, முடிந்தால் அதற்கு அடுத்த பி2. பிறகு ஜெர்மனியின் அரசு இசைப் பல்கலைக்கழகங்கள். எஸ்ஸென், கொலோன் இருக்கும் மாநிலத்தில் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டருக்குச் சில நூறு யூரோதான். ஸ்டுட்கார்ட், ஃப்ரைபுர்க் என்றால் வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. அங்கே மறுபடி இளங்கலையில்தான் சேர வேண்டும், பெரும்பாலும் எட்டு செமஸ்டர். சில இடங்களில் வயது வரம்பும் உண்டு, முதலிலேயே பாருங்கள்.

மார்க் ஷீட்டை வைத்து இடம் கிடைக்காது. சொந்த ஸ்கோர்களை அனுப்ப வேண்டும். கூப்பிட்டால் கேட்ட சுரத்தை இனம் காணும் காது சோதனை, பியானோ, நேர்காணல். பகா எண் என்றதும் யாரும் அசர மாட்டார்கள். தாளத்தின் ஏழாவது தட்டில் செல்லோ ஏன் நிற்கிறது என்று கேட்பார்கள். கணக்கு அப்படி வந்தது என்பது பதிலாகாது.

விசாவுக்கு ஒரு வருடச் செலவாகச் சுமார் 12,000 யூரோவை முன்கூட்டியே வங்கியில் போட்டுக் காட்ட வேண்டும். அந்த அளவுக்குச் சேருங்கள். அமெரிக்கத் தனியார் இசைக் கல்லூரிக்காக வீட்டை அடமானம் வைக்கும் பேச்சே வேண்டாம். ஜெர்மனி கைகூடாவிட்டால் எம்.எஸ்சி., பி.எட். இரண்டும் திறந்தே இருக்கின்றன.

இந்த விடுமுறையில் அவள் ஐந்து நிமிட நீளத்தில் ஒரே ஒரு இசைத் துண்டு எழுதட்டும். வாசிக்கத் தெரிந்த இருவரைப் பிடித்து, நிஜமாகவே வாசிக்க வைத்து, ரெக்கார்ட் செய்து அனுப்புங்கள். கம்ப்யூட்டர் வாசித்தது வேண்டாம்.